எந்தக் கேமராவை எடுத்துப்போவது என்று கேட்ட மகளுக்கு

கீர்த்தி,

நேற்று சாயங்காலம் நீ அனுப்பிய படம் வந்தபோது, பட்டறையில் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். சுண்டு விரலால் போனைத் தட்டித் திறந்தேன். ஒரு ஆள், வாயைத் திறந்து, பல் தெரிய, கண் பிதுங்க, கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பத்திரிகை வேலையில் சேர்ந்திருக்கிறாய், எங்கேயோ நடந்த அடிதடியை எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். "யாரு இந்த ஆளு, வெறி புடிச்ச மாரி வர்றான்" என்று சொல்லி உன் அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த ஆள் போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை.

தினமும் கண்ணாடியில் பார்த்து முகம் வழிக்கிறவனுக்குத் தன் முகமே அடையாளம் தெரியாமல் போகுமா? எனக்குப் போனது. இதை எழுதும்போதும் அந்த அதிர்ச்சி இறங்கவில்லை. படத்துக்குக் கீழே நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். "பெரிய கேமராவ ரிப்பேர் பண்ணி வாங்கிட்டேன் நைனா. தெனமும் எடுத்துனு போக சின்னது சரியா, பெருசு சரியா? இந்தப் படத்த அழிச்சிடவா?" அந்த நாளுக்குப் பிறகு நீயாக எனக்கு அனுப்பிய முதல் வார்த்தைகள் இவை. ஏதோ மார்க்கெட்டில் என்ன மீன் வாங்கட்டும் என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் நான் நைனாவே இல்லை. அதுவும் இதற்கு முடியாது.

சின்னக் கேமராவை எனக்கு நன்றாகவே தெரியும். காலேஜ் சேர்ந்த வருஷம் யாரோ பயன்படுத்தியதை வாங்கிக்கொண்டு வந்தாய். டிபன் பாக்ஸ் பக்கத்தில் அது பாட்டுக்குக் கிடக்கும். மீஞ்சூரில் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் ஏறும்போதும், அனுப்பம்பட்டில் உன் சிநேகிதி வீட்டுக்குப் போகும்போதும் அது இருக்கிற இடமே தெரியாது. பொத்தானை அமுக்கினால் நத்தை தலை நீட்டுவதுபோல லென்ஸ் வெளியே வரும், எடுத்ததும் உள்ளே போய்விடும். ஒருமுறை மணல் புகுந்து, நீட்டிய தலையை இழுத்துக்கொள்ள முடியாமல் மாட்டிக்கொண்டது. நான்தான் வாட்ச் ரிப்பேர் திருப்புளியால் பிரித்துத் துடைத்துக் கொடுத்தேன். இன்ஜின் மெக்கானிக் கேமராவைப் பிரிக்கிறானே என்று நீ பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தாய். அதை வைத்து நீ எடுத்த படங்களில் எல்லோரும் அவரவர் பாட்டுக்கு இருப்பார்கள். உன் அத்தை மீன் கூடையோடு கொட்டாவி விடுவாள். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருப்பேன். யாரும் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதனால் கேமரா என்றால் நல்லது, கெட்டது என்று எனக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. கையடக்கமாக இருந்தால் நம்மைச் சேர்ந்தவர்கள், பெரிதாக இருந்தால் வெளியாள்.

அந்தக் கணக்கோடுதான் பொங்கல் கழிந்த பிறகு வந்த மூன்று பேரைப் படகில் ஏற்றினேன். நாரை பார்க்க வந்திருக்கிறோம் என்றார்கள். சிரித்த முகம், வாய்க்கு வாய் அண்ணே. அவர்களில் ஒருவனிடம் உன்னுடையதைப் போலவே ஒரு சின்னக் கேமரா. சட்டைப் பையில் போடுவான், எடுப்பான், போடுவான். அன்று நம் குப்பத்துக்குப் பாடு சீட்டு போடுகிற நாள். ஏரியில் எந்த இடத்தில் யார் முறை வைத்து வலை கட்டுவது என்று சீட்டு எடுத்துப் பிரிக்கிற நாளில் கரையில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஆம்பிளைகள் அத்தனை பேரும் கோயில் முன்னால் உட்கார்ந்து கடைசிச் சீட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பொம்பளைகள் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் வைப்பார்கள். நம்ம குப்பமும் வடக்குக் குப்பமும் ஒரே சீட்டு என்பதால் இரண்டு கரையும் அன்று வெறிச்சென்று கிடக்கும். எனக்குப் பாடு முறையில் பங்கு இல்லை, இன்ஜின் வேலைக்காரன், அதனால் சவாரிக்குப் போனேன். அவர்கள் நாரையைப் பார்த்ததைவிடக் கரையைத்தான் அதிகம் பார்த்தார்கள். கேட்டதற்கு, அழகாக இருக்கிறது அண்ணே என்றார்கள். நான் மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் கிட்டே போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று ஒருவன் சொன்னான்.

அதற்குப் பிறகு துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், நம் கரையையும் அளக்க வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊரே உஷாரானது. காக்கிச் சட்டையோடு மின்சார மீட்டர் பார்க்க வந்தவனைக்கூட டீ குடிக்க விடாமல் விசாரித்தார்கள். வீடு போகும், கரை போகும், வலை விரிக்கிற மணல் போகும் என்று நினைத்து நினைத்து யாருக்கும் சரியான தூக்கமில்லை. நீயோ அப்போது சென்னையில், வேலை கிடைத்த சந்தோஷத்தில், உன் சேமிப்பைப் போட்டு அந்தப் பெரிய மிரர்லெஸ் கேமராவை வாங்கியிருக்கிறாய். எங்களிடம் சொல்லவில்லை. நேரில் காட்டலாம் என்று அனுப்பம்பட்டில் சிநேகிதி வீட்டில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் திருப்பாலைவனம் வழியாக வந்து இறங்கி, வெயில் ஏறுவதற்குள் நாலு படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நேரே வடக்குக் குப்பத்து மணலுக்குப் போய்விட்டாய். மணல் காற்றுக்குத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, மேலே தொப்பி போட்டு, கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, குனிந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் அளக்கிறவன் நிற்பதைப் போலவே இருந்திருக்கும் என்று உனக்கு எப்படித் தோன்றும்? நம் கரையில் பயந்துபோய்க் கிடந்த எங்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

உன் அத்தை மகன் தாசுதான் போன் பண்ணினான். "மாமா, மூணு கால் மெசினு வச்சிகினு ஒருத்தன் அளந்துகினுகீறான், சீக்கிரம் வா." ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன். மற்றவர்கள் ஓடுவதற்குள் நான் ஓடினேன். எனக்கு முன்னால் கரை தெரிந்தது, மெஷின் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. நீ நிமிர்ந்தாய், கேமராவை என் பக்கம் திருப்பினாய். என்னையே படம் எடுக்கிறான் பார் என்று இன்னும் ஆத்திரம் ஏறியது. வாரைப் பிடித்து இழுத்தேன். ஸ்டாண்டோடு சேர்ந்து சாய்ந்து, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் விளிம்பில் கேமரா மோதியது. லென்ஸ் உடைந்த சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. துப்பட்டா நழுவியது. "நைனா" என்றாய்.

எனக்குப் பின்னால் ஓடி வந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவன் தாசு. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மெசினத்தான் பாத்தோம் மாமா. மூஞ்சிய யாரும் பாக்கல" என்றான். நீ உடைந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டாய். அழுதிருந்தால் கிட்டே வந்திருப்பேன், திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல், வீட்டுக்கு வந்து உன் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டாய். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததை அம்மாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அதிர்ச்சி போன வாரம். துறைமுகம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று கூட்டம் போட்டார்கள். பெரிய மண்டபம், குளிர் மெஷின், தண்ணீர் பாட்டில். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். முதல் படமே நம் கரைதான். ஆள் இல்லை, வலை இல்லை, ஒரு கருவாடு இல்லை. பயன்பாட்டில் இல்லாத மணல் பரப்பு என்று வாசித்தார். தூரத்திலிருந்து எடுத்த படம், அவ்வளவு பெரிதாக்கியதில் பின்னால் இருந்த வீடுகள் எல்லாம் சாம்பல் பூசினதுபோலக் குழைந்துவிட்டன. குப்பமா, குப்பைமேடா என்று தெரியவில்லை. நம் ஜனங்கள் கத்த ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கத்தவில்லை. படத்தின் ஓரத்தில் படகின் பின்பக்கம் கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் என் இன்ஜின் மூடி. உடைந்த இடத்தில் நான் பச்சைத் தகரம் வைத்து ஒட்டினேனே, அந்த ஒட்டு அவ்வளவு பெரிய திரையில் தெரிந்தது. பாடு சீட்டு நாளன்று நான் ஓட்டிப்போன படகிலிருந்து எடுத்த படம் அது. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டானே, அந்தச் சட்டைப் பைக்காரன் எடுத்தது.

கீர்த்தி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கரையைக் களவாட வந்தவனிடம் நான் கிட்டே போகட்டுமா என்று கேட்டிருக்கிறேன். கரையை நேசித்து எடுக்க வந்தவளின் கையிலிருந்து பிடுங்கி உடைத்திருக்கிறேன். இரண்டும் இந்த ஒரே கைதான். கையடக்கமாக இருந்ததால் அவனை நம்பினேன், பெரிதாக இருந்ததால் உன்னை அடிக்க வந்தேன். இப்படி ஒரு மடத்தனத்தை யாராவது இன்னொருவர் செய்ததாகக் கேட்டால் நான் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நிதானமாகக் கேட்டார், இங்கே தினமும் வேலை நடக்கிறது என்கிறீர்களே, படம் இருக்கிறதா என்று. எல்லோரும் போனை எடுத்துத் தேடினார்கள். கல்யாணம் இருந்தது, கிரிக்கெட் இருந்தது, தாசுவின் புது பைக் எல்லாக் கோணத்திலும் இருந்தது. தினமும் கண்ணால் பார்க்கிற கரையை யார் படம் எடுத்து வைப்பார்கள்? ஒருவருடைய செல்ஃபியில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் கருவாடு தெரிந்தது. அதைத் திரையில் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக ரவையைக் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் தெளிவாக ஏதாவது கொண்டுவாருங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். உன் அம்மா உள்ளே போன பிறகு அந்தப் படத்தை மூட மனசு வரவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. முகம் திரையை விட்டு வெளியே போகட்டும் என்று இரண்டு விரலால் விரித்து ஓரமாகத் தள்ளினேன். தள்ளின இடத்தில் உன் அத்தை இருந்தாள். என் தோளுக்குப் பின்னால், தூரத்தில், சென்னாங்குனி இறாலைக் காயப் போட்டுக் கையால் புரட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் விரித்தேன், கலங்கவில்லை. அவள் கை வளையல் தெரிகிறது. பக்கத்தில் வரிசையாகப் பொம்பளைகள், விரித்துப் போட்ட வலை, கயிற்றில் தொங்குகிற துணி, வீட்டுக் கதவு, கதவுக்கு மேலே மின்சார மீட்டர். மீட்டருக்கு மேலே கதவு நம்பரைப் படிக்க முடிகிறது. உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு பெரிசு நைனா, அதனால் நிறைய வாங்கிக்கும் என்று உன் சிநேகிதியின் கேமராவைக் காட்டி நீ ஒருமுறை சொன்னபோது நான் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிட்டேன். நேற்றுதான் புரிந்தது. மண்டபத்தில் கேட்டார்களே, அது முழுக்க இந்த ஒரே படத்தில் இருக்கிறது. நீ அழித்துவிடவா என்று கேட்கிற படத்தில்.

அன்று காலை நீ எடுத்த மற்ற படங்களில் கரை இருக்குமே என்று உன் அம்மாவைக் கேட்டேன். இந்தக் கதையெல்லாம் உங்களுக்குள் பேசியிருப்பீர்கள் என்று தெரியும். அப்போதுதான் வந்து இறங்கியதாகவும், ஸ்டாண்டை நிறுத்தி வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் நடந்துவிட்டதாகவும், அந்தக் கேமராவில் நீ எடுத்த முதல் படமே இதுதான் என்றும் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். "நீ ஓடி வர்றத பாத்து, நம்மள பாத்துட்டுதான் நைனா ஆசையா ஓடி வருதுனு நெனச்சி எடுத்துச்சாம்" என்றாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஏரிக்கரையில் நின்றேன் என்று தெரியவில்லை. உனக்கு அந்தக் கண்ணாடி வழியாக நான் அவ்வளவு நேரம் உன் நைனாவாகவே தெரிந்திருக்கிறேன்.

இன்று காலையில் தாசுவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கிறது போதும் மாமா, உன்ன வெட்டிடச் சொல்லலாம், கீர்த்தி ஒரு நிமிஷத்துல வெட்டித் தரும் என்றான். நானும் அதைத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் போனில் வெட்டிப் பார்த்தால், என் தோளோடு உன் அத்தை போகிறாள், என் நீட்டிய கையோடு பாதி வலை போகிறது. மிச்சம் இருக்கிற துண்டைப் பார்த்தால் எங்கேயோ எடுத்து ஒட்டினதுபோல இருக்கிறது. முழுப் படமாக இருந்தால்தான் ஒருவரும் சந்தேகப்பட முடியாது. ஆள் நடிக்கவில்லை என்று அந்த முகமே சொல்லிவிடும். கரை சும்மா கிடக்கிறது என்றால் இவன் ஏன் உயிர் போகிற மாதிரி ஓடி வருகிறான் என்று எவனுக்கும் தோன்றும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தினமும் எடுத்துப்போகச் சின்னதே போதும். பஸ்ஸிலும் ரயிலிலும் பெரியதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக் காத்துக்கொண்டு போனால் உன் வேலையில் பாதி அதைக் காப்பதாகவே முடியும். கழுத்து வலிக்கும், லென்ஸ் மாற்றும்போது தூசி விழும், மழை வந்தால் உன்னைவிட அதற்குத்தான் குடை பிடிப்பாய். பாரம் என்று ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டுப் போவாய், அன்றைக்குத்தான் எடுக்க வேண்டியது எதிரே வந்து நிற்கும். சின்னது எப்போதும் கூட வரும். ஆனால் அது யார் கண்ணையும் உறுத்தாது என்பதை மட்டும் நீ சௌகரியமாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அந்தச் சட்டைப் பைக்காரன் எடுத்ததைத் திரையில் பார்த்ததிலிருந்து அதில் பயம் வந்துவிட்டது. எடுக்கும்போது எடுக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியட்டும். வேண்டாம் என்றால் பையில் போட்டுவிடு. பெரியதை வேலை என்று தீர்மானித்துப் போகிற நாளில் எடு, விடிகிற நேரத்துக்கு எடு, பின்னால் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதற்கு எடு. அதைக் கண்டால் ஜனங்கள் மிரள்வார்கள். மிரண்டால் முகத்தைத் திறந்து பெயரைச் சொல். என்னைப் போன்ற முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், அழிக்காதே. வெட்டவும் வேண்டாம். அடுத்த கூட்டம் நடக்கிற நாளை அம்மா உனக்குச் சொல்வாள். வா என்று கூப்பிடுகிற தைரியம் எனக்கு இல்லை. உனக்கு வர மனமில்லை என்றால் படத்தை மட்டும் தாசுவுக்கு அனுப்பு, அவன் போட்டுக் காட்டட்டும். ஆனால் எடுத்தவள் நின்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று ஊரே சொல்கிறது. நீ வந்தால், அந்தப் படம் திரை முழுக்க நிற்கும்போது உன் பக்கத்தில் நானும் நிற்பேன். மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரையில் இருக்கிற முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கட்டும். நீ கரையைக் காட்டிப் பேசு. நான் தலை குனியாமல் நிற்கப் பார்க்கிறேன்.

நைனா